புள்ளி கே.வி.எல்.

ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையிலிருந்து
பென்டிரைவில் வந்தது அந்தக் கோப்பு.
உலர்த்தும் டிரம்மை ஓட்டுகிற நிரல்.
எழுதிய கம்பெனி கோயமுத்தூரில் இருந்ததாம்,
இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் விற்கிறார்கள்.

மாற்ற வேண்டியது மோட்டார் வேகம். ஒரே ஓர் எண்.
பத்து நிமிஷம் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

திறந்தால்
எடிட்டருக்கு ஆளைத் தெரியவில்லை.
கீழ் மூலையில் ‘வெறும் உரை’ என்று போட்டுவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டது.
அறுநூற்றுப் பதினாலு வரியும் ஒரே சாம்பல்.
எது கட்டளை, எது எண்,
எது யாரோ யாருக்கோ எழுதிவைத்த குறிப்பு?
தொட்டியில் படிந்த கிழங்குமாவைப் போல
எங்கே கை வைத்தாலும் ஒன்றுபோலவே இருந்தது.

தெரிந்த மொழியொன்றின் சட்டையை மாட்டிப் பார்த்தேன்.
தோளில் சரியாக உட்கார்ந்தது,
கை முழங்கையோடு நின்றுவிட்டது.
சரி, நானே தைக்கிறேன்.

கன்னங்குறிச்சி மூன்றாவது மாடி, மணி பதினொன்று.
ஜன்னலில் மலை இருக்கிறதா என்றே தெரியாத இருட்டு.
இலக்கங்கள் சேர்ந்து வந்தால் எண்: மஞ்சள்.
(சேலத்துக்காரி என்றால் மாம்பழ மஞ்சள்தானே என்பார்கள்.
போட்டுப் பார்த்தேன், கண்ணைக் குத்தியது.
கொஞ்சம் மங்கலாக்கினேன்.)
வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்து: கட்டளை, நீலம்.
நெளிந்த அடைப்பு திறந்து, நெளிந்த அடைப்பு மூடும்வரை
குறிப்பு: பச்சை.

மூன்றே விதி. சேமித்தேன்.

ஏற்காட்டுப் பாதையில் அந்நேரம் ஒரு பஸ் இறங்கியிருக்க வேண்டும்.
ஒரு வெள்ளைப் புள்ளி மறைந்து, கீழே வேறெங்கோ முளைத்தது.
எதிரே ஏறிய லாரியின் சிவப்பு.
அப்போதுதான் தெரிந்தது
மலை எங்கெங்கே வளைகிறது என்று.

கோப்பும் அப்படித்தான் விழித்தது.
நீலம், மஞ்சள், நீலம், நடுவே ஒரு கீற்றுப் பச்சை,
படிக்காமலே பாதி புரிந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
பச்சை வந்தது,
போகவில்லை.
இருபத்தெட்டு வரிக்குப் பாசி.

என் விதிதான் பிசகு என்று நினைத்தேன்.
நிறம் என்பது நான் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லும்.
ஒரு மணி நேரம் என்னையே திருத்திக்கொண்டிருந்தேன்.
பிறகு அந்த வரியைப் படித்தேன்,
ஆங்கில எழுத்தில் தமிழ்:
சீசன் முடிஞ்சதும் பாத்துக்கலாம். இம்மானுவேல்.
அடைப்பைத் திறந்தவர்
மூட மறந்துவிட்டார்.
அடுத்த குறிப்பின் வாலில் கிடந்த மூடி வரைக்கும்
எல்லாமே குறிப்பாகிவிட்டது.
உள்ளே கிடந்தது
சூடு எண்பதைத் தாண்டினால் மணியடிக்கும் பகுதி.

இயந்திரமும் அதை இப்படித்தான் படித்திருக்குமா?
நைட் ஷிப்ட் அர்த்தநாரியைக் கூப்பிட்டேன்.

‘அங்க மணி ஒண்ணு இருக்குதா?’
‘இருக்குதுங்க. குருவி கூடு கட்டியிருக்குது.’
‘எப்பவாச்சும் அடிச்சிருக்குதா?’
‘நான் வந்து ஆறு வருசம் ஆச்சுங்க’
என்று யோசித்தார்.
‘அது அடிக்கிற மணிங்களா?’

ஒரே ஓர் எழுத்து. அடைப்பை மூடினேன்.
பாசி விலகி நீலமும் மஞ்சளும் எழுந்தன.
எண்பது என்ற எண் புதிதாகப் பிறந்ததுபோல் மின்னியது.
மோட்டார் வேகத்தையும் மாற்றினேன்,
அதற்குத்தானே காசு.

மறுநாள் ஆலையில் ஏற்றினார்கள்.
அன்றிரவு மூன்று நாற்பதுக்கு போன்.
பின்னால் ஏதோ கதறுகிறது.
‘மேடம், நிக்கவே மாட்டேங்குது.
செவப்பு பட்டன் ஒண்ணு இருக்குது, அமுக்கட்டுங்களா?’

இருநூற்று முப்பத்தோராம் வரி, நீலம், என்றேன்
தூக்கத்தில்.
‘என்னங்க?’

எழுந்து உட்கார்ந்தேன்.
‘அமுக்காதீங்க அர்த்தநாரி.
மொதல்ல டிரம் மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க.’

செருப்புச் சத்தம் போய்த்
திரும்பி வர நேரமானது.
ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை.
ஒரு சிவப்பு மட்டும்
எத்தனையாவது வளைவிலோ ஏறிக்கொண்டிருந்தது.