இரண்டும் புளிமா

வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே,
மலைச்சரிவில் தொற்றிக்கொண்ட ஒரு தகரச்சுவர் வீடு.
அதன் நிலவறைதான் யாஸ்னாவின் ஒலிக்கூடம்.
எதிரொலியைக் குடிக்க
சுவரெல்லாம் கப்பல் மெத்தைகள்.
சமையல்காரன் ஒருவன் கடனுக்குப் பதிலாகத் தந்தவை.
மழைநாளில் இன்னும் மீன் வாடை வரும்.

எட்டு வருடத்துக்கு முந்தைய பாட்டைத் திறக்கிறாள்.
கோப்புகளில் தூசு படிவதில்லை.
எலிசெயோவின் தலை மட்டும் நரைத்திருக்கிறது.

"ஒரே ஒரு சொல்" என்கிறான்.
"மூன்றாம் சரணம், நாற்பத்தோராம் தாளக்கட்டு.
நிபால்தோ என்று வருகிறதே,
அங்கே அமீகோ என்று வைக்க வேண்டும்."

நிபால்தோ அவன் தம்பி.
அமீகோ என்றால் நண்பன்,
அது யாராகவும் இருக்கலாம்.
நம் கணக்கில் இரண்டும் புளிமா,
தளை தட்டாது.
அப்பன் வீட்டை விற்ற பணம் எங்கே போனதென்று
யாஸ்னா கேட்கவில்லை.
இந்த மலையில் அது தெரியாத நாய்கூடக் கிடையாது.

பஞ்ச்-இன்னுக்கு மூன்று வழி வைத்திருக்கிறது மென்பொருள்.
பழையதை அழித்தபடியே எழுதிப்போவது ஒன்று.
நாடாக் காலத்து முரட்டு நேர்மை அதற்கு,
போனது போனதுதான்.
பழையதன்மேல் புதியதைப் போர்த்துவது இன்னொன்று,
அடியில் கிடப்பது சத்தம் காட்டாமல் கிடக்கும்.
மூன்றாவது,
பாட்டு ஓட ஓட விரலால் புகுந்து விரலால் வெளியேறுவது.
அதில் ஒரு கள்ளம் உண்டு:
விரல் தொடுமுன்பே இயந்திரம் எழுதத் தொடங்கிவிடும்,
காட்டிக்கொள்ளாது.

"அழிச்சிடு, அதுதான் சுத்தம்"
என்றான் எலிசெயோ.
சரி என்று தலையாட்டிவிட்டு
மூன்றாவதைச் சொடுக்கினாள்.

இரண்டு தாளக்கட்டு முன்னோட்டம்.
காதில் பழைய எலிசெயோ பாடி வருகிறான்,
படகு, கயிறு, ஈர விடியல்,
இதோ
சிவப்பு.
அமீகோ!
கட்டளைபோல விழுந்தது.
மறுபடி.
கெஞ்சல்போல.
மறுபடி. தெருவில் எரிவாயுக்காரன்
உருளையைத் தட்டிக்கொண்டு போனான்,
அந்த இரும்புச் சத்தமும் உள்ளே ஏறிவிட்டது.
ஏழாவதில் சிரித்தான், காரணம் சொல்லவில்லை.
பதினொன்றாவது சரியாக இருந்தது,
அல்லது இருவருக்கும் பசித்தது.

அவன் புகைக்க வெளியே போனதும்
அவள் ஒட்டுவேலையில் உட்கார்ந்தாள்.
அகரத்தின் தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது.
துண்டின் இடது ஓரத்தைப் பிடித்து
கதவைப்போல இழுத்தாள்.
முன்னோட்டத்தில் யாரும் கேட்காமல் எழுதப்பட்டது
திறந்தது:
மூச்சு,
நாற்காலியின் முனகல்,
அதற்கப்புறம், அகரத்துக்குச் சற்று முன்னால்,
ஒரு ந்.
நாக்கு பல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பிப்போன
உயிரேறாத மெய்.

மூன்று முறை கேட்டாள்.
பிறகு ந்-ஐத் தாண்டி ஓரத்தை மூடினாள்.

வால்பக்கம் வேறு சிக்கல்.
புதிய கோ-வில் மூச்சு முன்னமே தீர்ந்துபோயிருந்தது.
பழையதோ நீளமாக, கிதார் தணியும்வரை.
வெளியேறும் புள்ளியை
க்-இன் முதுகிலேயே நட்டாள்.
பத்து மில்லி நொடியில் ஒன்று தேய, ஒன்று வளர,
மெய் இன்றையது,
உயிர் எட்டு வருடப் பழசு.
தம்பியை விளித்த அதே ஓ
நண்பனின் வாலில் தொங்கியது.

எலிசெயோ வந்து கேட்டான்,
கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை.
"எங்கே ஒட்டினாய் என்றே தெரியவில்லையே.
பழசு போயிற்றா?"
அவள் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
"எரிவாயுக்காரன் போய்விட்டான்" என்றாள்.

பணத்தை எண்ணி வைத்தான்.
படியேறும்போது மெட்டைச் சீழ்க்கையடித்தான்,
நாற்பத்தோராம் இடத்தில்
சீழ்க்கை நின்று, கதவு சாத்தி,
தெருவில் மறுபடி தொடங்கியது.

சேமிக்கப் பெயர் கேட்டது இயந்திரம்.
இறுதி என்று தட்டினாள்.
இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது,
அதன்மேல் எழுதவா என்றது.

பதில் சொல்லாமல்
தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.