கரிநாளுக்கு ஊற்றியது

வள்ளுவர் தினத்துக்குக் கடை அடைப்பு.
அதனால் காப்புக்கட்டு அன்றே,
நிலைப்படியில் பூளைப்பூ செருகிய கையோடு
அவிநாசி ரோட்டு மாலில் மூன்றாம் மாடி.

“எத்தனை பேருங்க?”
ஆறு.
“என்னங்க சமையல்?”
பள்ளிபாளையம் கோழி, குடல் குழம்பு,
சந்தகைக்குத் தேங்காய்ப்பால், கடைசியில் ஒப்புட்டு.
கடைப் பையன் ஒவ்வொரு பாட்டிலாக
முதுகைத் திருப்பிப் படித்தான்.
பாலாடைக்கட்டி என்றிருந்தது, சுட்ட வாத்து என்றிருந்தது.
குடலைப் பற்றி எவனும் எழுதவில்லை.

ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை,
கொஞ்சம் இனிப்பாக இன்னொரு வெள்ளை.
லிஃப்டில் துணிப்பை கிலுங்கியது.
சத்தம் கேட்டவர் முதலில் என் முகத்தை,
அப்புறம் தாலிக்கொடியைப் பார்த்தார்.

பட்டிப்பொங்கல் ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு,
ஒரு கிண்ணம் வறுவலும் மூன்று டம்ளருமாக
அடுப்படியில் உட்கார்ந்து பரீட்சை வைத்தேன்.
கிள்ளிப்போட்ட மிளகாய்க்கு முன்னால்
சிவப்பு துருப்பிடித்தது, பழைய ஆணியைச் சப்பினாற்போல.
வெள்ளை சண்டைக்கே நிற்கவில்லை.
இனிப்பு மட்டும்
தேங்காய்ச் சில்லோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது, நல்லபடியாக.
சிவப்பைக் குடலுக்கு ஒதுக்கினேன்;
அந்த மிளகையும் கொழுப்பையும் அது தாங்கும்.

இனி ஆட்கள்.
நாச்சிமுத்து மாமாவுக்குப் பிராந்தி, அதில் பேச்சில்லை.
ஒயினை அவர் “காசு குடுத்து வாங்கற காடி” என்பார்.
நங்கையாவுக்கு இனிப்பில் ரெண்டு விரல்.
“மருந்தாட்டம்” என்று அவளே சொல்லிக்கொள்ள விடவேண்டும்.
எம்பிராய்டரி ஊசி விற்க வந்த ஃபாபியோவுக்கு
எதை ஊற்றினாலும் முகம் மாறாது. அதுதான் பயம்.
திருமூர்த்திக்கு, நான் ஊற்றுவது எதுவும்.
எனக்குச் சிவப்பு. இதை யாரிடமும் கேட்கவில்லை.

ஆறாவது கிட்டுசாமி அண்ணன்.
தொண்டாமுத்தூரில் பன்னீர்த் திராட்சைப் பந்தல்.
குடியை விட்டுப் பதினோரு மாசம்.
ஆடிநோம்பிக்கு அவருக்கு ஸ்பிரைட் கொடுத்தோம்.
அத்தனை பேர் கையிலும் கிளாஸ்,
அவர் கையில் பச்சைப் பாட்டில், உறிஞ்சுகுழாய் வேறு.
அதற்கப்புறம் எந்த விருந்துக்கும்
“சாப்புட்டுட்டனுங்க” என்று வாசலோடு போய்விடுகிறார்.

கரிநாள் விடிகாலை
அவர் அனுப்பிய பெட்டியில் நாலு கொத்து உருவி,
தோலோடு ஒரு கொதி, துணியில் வடித்து,
நன்னாரி வேர் ரெண்டு, உப்புக்கல் ஒன்று.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
சிவப்புக்கும் அதற்கும்
நிறத்தில் அண்ணன் தம்பி.

ஃபாபியோ குடல் குழம்பை மூன்றாந்தரம் வாங்கினான்.
என்ன பாகம் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.
மாமா என் கிளாஸில் ஒரு வாய் பார்த்து
“காடியேதான்” என்று தீர்ப்புச் சொல்லி
இன்னொரு வாயும் பார்த்தார்.
நங்கையாவின் ரெண்டு விரல் நாலாச்சு.

கிட்டுசாமி அண்ணன் கிளாஸைத் தொடவில்லை.
இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கோபத்துக்கு முந்தின ஒரு பயம்.

அப்போதுதான் உறைத்தது.
நிறம் ஒத்துவர வேண்டும் என்று அத்தனை பாடுபட்டேனே,
அவரிடம் சொல்லி வைக்கத் தோணவில்லை.
எதிரே அத்தனை பேர்.
சந்தகைத் தட்டை வைக்கிற சாக்கில் குனிந்து
“உங்க பந்தலுதுங்ண்ணா” என்றேன்.

மோந்து பார்த்தார்.
இன்னொருக்கா மோந்தார்.
ஒரு வாய்.
“மேக்கால வரிசைக் கொத்துங்க இது,” என்றார், சத்தமாக.
“அதுக்குத் தண்ணி பத்தறதில்லீங்க.
அடியில புளிப்புத் தெரியுதுங்களா?”

ஃபாபியோ தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு
அதைக் காட்டி நீட்டினான்.

ஒப்புட்டுக்கு எது பொருந்தும் என்று
நான் யோசித்தே வைக்கவில்லை.
காப்பி போட்டேன்.