அடியில் பச்சை

அவள் கன்னம் மூன்று நாளாய்
பிளாஸ்டிக் குடம்போல் பளபளக்கிறது.
ஒஸ்லோவிலிருந்து வந்த குறிப்பில் இரண்டே சொல்:
உயிர் இல்லை.

சீட்டு விளையாட்டு ஒன்றின் நாற்பத்தொன்றாம் சீட்டு அவள்.
கடலடி அரசி. திமிங்கல விலா எலும்பில் கிரீடம்,
காதோரம் செவுள், கையில் ஒரு புயலின் கடிவாளம்.
வெள்ளிக்கிழமைக்குள் உயிர் வந்தால்
நாகர்கோவில் வங்கிக்கு ஒரு தவணை போகும்.

நிறமெல்லாம் அழித்தேன்.
கோடு மட்டும் மிஞ்சியது.
எண்ணெயில் வரைந்தவர்கள் பல நூற்றாண்டாய்ச் செய்தபடி
தோலுக்கு முன்னால் பச்சை வைத்தேன்.
சாம்பல் கலந்த, மழைக்காலக் கிணற்றுச் சுவரின் பச்சை.
கண்குழி, மூக்கின் சரிவு, தாடைக்குக் கீழே,
நிழல் போய் உட்காரும் இடமெல்லாம் அதுதான்.

இரவு ஷிப்ட் முடிந்து ததேயு வந்தான்.
தொப்பியைக் கழற்றாமலே திரையைப் பார்த்தான்.
'எட்டி, இது செத்த பொம்பளயா?'
'இன்னும் பொறக்கல.'
'எப்பம் பொறப்பா?'
'நீ குளிச்சிட்டுப் போய் ஒறங்கு.'

எண்ணெயில் ஒரு பூச்சு காயாமல்
அடுத்ததைத் தொடக் கூடாது.
அவசரப்பட்டவன் படம் பின்னாளில் வெடித்துப்போகும்.
என்னிடம் காய்வதற்கு எதுவும் இல்லை.
வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் நாற்பது பூச்சு.
அதுதான் வினை என்று பட்டது.
எனக்கு நானே சட்டம் போட்டேன்:
ஒரு பூச்சுக்கு ஒரு வீட்டு வேலை.

மஞ்சள் காவி, மல்டிப்ளையில், அடர்த்தி பன்னிரண்டு.
எழுந்துபோய்ச் சாளை கழுவினேன்.
திரும்பி வந்தபோது பச்சை சற்றுத் தணிந்திருந்தது,
அல்லது என் கண் மாறியிருந்தது.
மஞ்சிட்டி வேரின் சிவப்பு, பதினெட்டு.
துணி காயப்போட்டேன். பக்கத்து வீட்டு ஜெனிபாவிடம்
கேஸ் வண்டி வந்ததா என்று கேட்டேன்.
வந்து பார்த்தால்
மண்டைக்காட்டு மணலில் ஓடிவந்து நின்றவள்போல்
கன்னத்துக்கு அடியில் ரத்தம்.
பச்சை எங்கும் போகவில்லை.
அதன்மேல் நின்றுதான் சிவப்பு சிவந்தது.

கிரீடத்தின் நிழலில் மட்டும் ஓட்டை.
அங்கே சுத்தக் கருப்பு இட்டிருந்தேன், மூன்று சுழியம்.
படத்தைப் பூச்சி அரித்ததுபோல் இருந்தது.

ததேயு கழற்றிப் போட்ட கால்சட்டையின் மடிப்பிலிருந்து
தினமும் விழும் ஒரு சிட்டிகை மணல்.
மணவாளக்குறிச்சியில் அவன் பிரித்தெடுக்கும் கருமணல்.
அதை எங்கோ கொண்டுபோய் வெளுத்து
குழாயில் அடைத்தால் டைட்டானியம் வெள்ளை.
எவனெவனோ வரையும் மேகத்திலும் முத்திலும்
எங்கள் கடற்கரை கொஞ்சம் இருக்கலாம்.
என் திரையின் வெள்ளையில் ஒரு மணலும் இல்லை.
மூன்று விளக்கு முழுதாய் எரிவதற்குப் பெயர் அது.

சிட்டிகையைத் தாளில் கொட்டி
மேசை விளக்கை இழுத்துப் பார்த்தேன்.
கருப்பு கருப்பாகவே இல்லை.
ஊதா மின்னும் சில. கார்னெட்டின் சிவந்த பொடி சில.
தேன் நிறத்தில் இரண்டோ மூன்றோ.

தேன் நிறத்தைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

சுழியங்களை அழித்தேன்.
கருநீலத்தின்மேல் கார்னெட் சிவப்பு,
தேங்காய் துருவிவிட்டு வந்து
அதன்மேல் பழுப்பு, மிக மெல்லிசாக.
கிரீடம் எலும்பாயிற்று.
எலும்புக்குப் பின்னால் ஆழம் வந்தது.
பிறகு, யாரும் கேட்காமலே,
தேன் நிறத்தில் ஒரு புள்ளி, அவள் தொண்டைக்குழியில்.

வெள்ளையைக் கடைசிவரை தொடவில்லை.
இடது கண்ணில் ஒன்று. ஊசிமுனை அளவு.

அடுக்குகளை ஒன்றாக்கி அனுப்பினேன்.
இனி அந்தப் பச்சையைத் தனியே எடுக்க
என்னாலும் முடியாது.

பொழுது சாய எழுந்து வந்த ததேயு
பல் தேய்க்காமல் வெகுநேரம் நின்றான்.
'கொள்ளாம். முறைக்கா.'
அப்புறம் குனிந்து,
'தொண்டையில என்னதுட்டி?'

'நெறம்தான்' என்றேன்.
அவன் தொப்பியைத் தேடப் போனான்.