செலவாகாத தொகை

தேன்கனிக்கோட்டை பழைய தாலுகா வளாகத்தில்
கருவூலத்துக்கும் கிளைச் சிறைக்கும் ஒரே சுவர்.
இந்தப் பக்கம் முத்திரைத்தாள் பெட்டகம்.
அந்தப் பக்கம்
பன்னிரண்டு பேர் படுக்கும் இடத்தில்
இருபத்தொன்பது பேர்.
இரண்டுக்கும் ஒரே கம்பெனிப் பூட்டு.
அந்த பில்லையும் நான்தான் பாஸ் செய்தேன்.

மார்ச் முப்பத்தொன்று, இரவு பத்தரை.
சர்வர் செக்கு மாடு மாதிரி
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
மேசையில் சிறையின் கடைசிக் கட்டு:
சுவரை நாலடி உயர்த்தப் பதினெட்டு லட்சம், ஒப்புதல் உண்டு.
மேலே முள்கம்பிச் சுருள், உண்டு.
பதினாறு கேமரா, அவற்றைப் பார்க்க ஒரு டிவி, உண்டு.
கழிவறைக்குக் கதவு இரண்டு:
'அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்'
பச்சை மையில்.
மூன்று நிதியாண்டாக அதே பச்சை.

என் பதினோரு வருஷ சர்வீஸில்
அந்தச் சுவரைத் தாண்டி யாரும் ஓடியதில்லை.
ஒரு குரங்கு மட்டும் ஒருமுறை உள்ளே குதித்து
தேங்காய் மூடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு
வந்த வழியே போனது.
அதற்கு நாலடி போதாது.

வார்டர் கிருபாகரன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.
"சுவர் ஆச்சா மேடம்?"
கதவைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்.

சாப்பாட்டு பில்லோடு பெயர்ப்பட்டியல் வரும்.
பதினேழாவது பெயர் சிக்கமாதன்,
வயது இருபத்தாறு, அஞ்செட்டிக்கு மேலே காட்டோரம்.
யாரோ ஒருவரின் போர்வெல்லில் செம்புக் கேபிள் அறுத்தது,
மதிப்பு இரண்டாயிரத்து எண்ணூறு.
டிசம்பர் இருபத்தாறிலேயே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்,
வீட்டுவரி ரசீதோடு இரண்டு பேர் வந்து நின்றால்.
அவன் ஊரில் வீடு உண்டு,
வரி இல்லை.
வரி போட்டால் அது ஊர் என்று
ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

புட்டம்மா செவ்வாய்தோறும்
தப்பாமல் தப்பான ஜன்னலுக்கு வருவாள்.
"நோடபேக்கு மேடம், பாக்கணும்."
"இது காசுக்கு வாசல்மா,
ஆளுக்கு வாசல் அந்தப் பக்கம்."
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
போன வாரம் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினேன்.
அவளும் பார்க்காமலே நடந்தாள்.

பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்.
சோறு, காவல், கோர்ட்டுக்குப் போய்வரும் பஸ் படி,
தலைக்கு நாளொன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
ஜாமீன் கிடைத்த பிறகு மட்டும் தொண்ணூற்றாறு நாள்.
முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.
இரண்டாயிரத்து எண்ணூறைக் காக்க.

இதே பேனாவால்தான் மதியம்
மலைமேல் ஒரு பிரசவ வார்டு ஜெனரேட்டரைத்
திருப்பி அனுப்பினேன்.
கணக்குத் தலைப்பில் ஓர் எண் பிசகு.
திருத்திக் கொண்டுவர அவர்களுக்கு பஸ் இல்லை.
விதி தெரிந்தவள் நான். தூங்கிவிடுவேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
சுவருக்கு டோக்கன் விழுந்தது.
சட்ட உதவித் தலைப்பில் பதினான்காயிரம்
தொடாமல் கிடந்தது.
கேட்டு யாரும் எழுதவில்லை.
சரண்டர் என்று அடித்தேன்,
அது சென்னைக்கே திரும்பிப் போயிற்று.
அதற்கு ஜாமீன்தாரர் தேவைப்படவில்லை.

ஃபேன் நின்ற நொடியில் சுவருக்கு அப்பால் ஓர் இருமல்.
பதினேழாவதா, இருபத்திரண்டாவதா.
தொகை தெரியும் எனக்கு,
குரல் தெரியாது.

கைப்பையில் சாவியைத் தேடியபோது
காலையில் பேரூராட்சியில் கட்டிய வீட்டுவரி ரசீது
விரலில் தட்டியது.
அரசு ஊழியர் ஜாமீன் நிற்கலாமா,
யாரிடம் முன் அனுமதி,
எந்தப் படிவம்.
மடித்து உள்ளேயே வைத்தேன்,
கொஞ்சம் மேலாக.

கணக்கு பைசா பிசகாமல் நேராயிற்று.
பென்சில் எழுத்தை மட்டும் அழிக்கவில்லை.
ஆடிட்டில் கேட்பார்கள்,
இது என்ன தொகை,
எந்தத் தலைப்பு என்று.