ஹால் சுவரில் நாலு சதுரம்

பெயிண்ட் கடைக்காரர் விசிறியாக விரித்த அட்டையில்
ஆயிரத்துச் சொச்சம் நிறம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வேறு.
பேரைப் படித்துக்கொண்டே போனதில்
சுவர் மறந்துபோயிற்று.
"ஊட்டுக்காரர் டையிங் மாஸ்டருங்களா?
அப்புறம் எங்கிட்டயா கேக்கோணும்?" என்று
நாலு சாம்பிள் டப்பாவைக் கட்டித் தந்தார்.
துரைசிங்கம் ஒவ்வொன்றையும் முழச் சதுரமாக
ஹால் சுவரில் அடித்துவிட்டு
"ரோசன பண்ணிச் சொல்லுங்கோ" என்று
பல்லடத்து வேலைக்குப் போய்விட்டான்.

பதினோரு நாள் ஆயிற்று.

மௌனகுருசாமிக்கு ராத்திரி ஷிப்ட்.
எனக்குச் செக்கிங், காலை எட்டரைக்கு உள்ளே நிற்க வேண்டும்.
அவர் சுவரைப் பார்ப்பது பகல் வெளிச்சத்தில்,
தூங்கப் போகுமுன்.
நான் பார்ப்பது டியூப்லைட்டில்,
சோறு வடிக்குமுன்.
ரெண்டாவது சதுரத்தை அவர் வெண்ணெய் என்றார்,
நான் பெரியாஸ்பத்திரி என்றேன்.
நாலாவதைப் பற்றி
போனில் சண்டையே போட்டோம்.

அவர் லேபில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு.
ஒரு சுவிட்சுக்கு வெயில், ஒன்றுக்குக் கடை,
ஒன்றுக்கு எந்த நாட்டு வீட்டு விளக்கோ.
வெயிலில் அக்கா தங்கச்சி மாதிரி நிற்கும் ரெண்டு துணி
கடை விளக்கில் யாரோ எவரோ ஆகிவிடும்.
மூன்றிலும் ஒத்துப்போனால்தான் பாஸ்.
இருபத்திரண்டு வருசம்.
ஒரு நிறத்தையும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை,
வந்த துண்டுக்கு ஒப்பக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்.
"ஒரு துண்டு இருந்தாக் குடு,
அப்படியே கொண்டாந்தர்றேன்" என்கிறார் என்னிடம்.
என்னிடம் என்ன துண்டு இருக்கிறது?
ஏழு வாடகை வீடு.
ஏழிலும் அவரவர் அடித்து வைத்த ரோஸ்,
அவரவர் எண்ணி வைத்த ஆணி.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வீட்டிலிருந்தோம்.
மூணாவது, நீலம்.
காலையிலும் நன்றாயிருந்தது
கரண்ட் போன மத்தியானத்திலும்.
இது, என்றேன்.
அவர் விரலால் தடவி, பழக்கதோஷம், மோந்து பார்த்து
வேண்டாம் என்றார்.
ஏன் என்றதற்கு அட்டாலியைப் பார்த்தார்.
அட்டாலியில் ஒன்றுமில்லை, இன்னும் பாத்திரம் ஏற்றவில்லை.

"அய்யன் தோட்டத்துல அந்த வருசம்
மோட்டாரப் போட்டா இந்தத் தண்ணிதான் வந்துது.
வெங்காயப் பாத்தியில அப்படியே நின்னுது.
ஒரு சொம்புல மொண்டு எங்கிட்டக் காட்டி
இது என்ன கலர்றான்னு கேட்டாரு."

கொஞ்ச நேரம் கழித்து,

"எனக்கு நம்பரே தெரிஞ்சுது."

நான் டீ போடப் போனேன்.
பால் பொங்கும் வரைக்கும்
கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமல்.
அடியில் ஒரு வேஸ்ட் துண்டு இருந்தது,
கண்ணாடி துடைக்கிற துண்டு,
கோரா.
சாயத்தில் இறங்காத துணி, ஆனாலும் வெள்ளையில்லை.
பருத்தி விதையின் பொட்டு அங்கங்கே.
டீயோடு அதையும் நீட்டினேன்.

ஜன்னலில் பிடித்தார். டியூப்லைட்டில் பிடித்தார்.
போன் டார்ச்சை அடித்தார்.
பிறகு பழைய பில்லின் பின்புறம்
மஞ்சள் இத்தனை, கறுப்பு இத்தனை என்று எழுத
உட்கார்ந்துவிட்டார், டீ ஆற ஆற.

துரைசிங்கம் வாளியை எட்டிப் பார்த்து
"இதுக்கா பதினோரு நாளுங்க?
பிரைமரோடயே உட்டிருக்கலாமே" என்றான்.
ரெண்டு கோட்டு அடித்தான்.
பீரோ நிற்கப்போகிற இடத்துக்கு வந்தபோது மட்டும்
அங்கே வேண்டாம், பெயிண்ட் மிச்சமாகட்டும் என்றேன்.

பீரோவை நகர்த்தியது நானும் மௌனகுருசாமியும்தான்.
நீலத்தை அவர் பார்த்தார்.
"இன்னும் சித்தே இந்தப் பக்கம்" என்றார்.