பதினாலில் நின்ற முள்

பதினாலு வாட்டுக்கு மேல் ஏறமாட்டேன் என்றது.
கிளீட்டஸின் செட், இருபத்தைந்து வாட்டு,
தடைக்காலம் முடிய நாலே நாள்.
குளச்சலின் ஆடிக்காற்று ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தது,
கடன் கொடுத்தவன் போல.

செட்டைக் குறை சொல்வது எளிது.
ஒரு வருடமாய் அதைத்தான் சொல்லிவந்தேன்:
"பவர் போயிட்டு கேட்டியளா, அவுட்புட் மாத்தணும்."
மாற்றினேன். கூலி வாங்கினேன்.
மாற்றிய பிறகும் பதினாலு காட்டினால்
உப்புக்காற்று என்றேன்.
இந்த ஊரில் எதற்கும் பொருந்தும் காரணம் அது.
எல்லாச் செட்டும் ஏன் ஒரே எண்ணில் நிற்கின்றன என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
ஒரே கம்பெனி, ஒரே கடல்.

அன்றைக்குப் பெட்டி பிரிக்காத புதுச் செட் ஒன்றைப் பிரித்து
சும்மா மாட்டிப் பார்த்தேன்.
பதினாலு.

திருவனந்தபுரத்து ஏலத்தில் எடுத்த வாட்மீட்டர்.
என்னைவிட ஒன்பது வயது மூத்தது.
சாம்பல் பெயிண்டு, தோல் கைப்பிடி,
முதுகில் யாரோ ஆணியால் கீறிய 'ரூம் ஆறு'.
அது எல்லோரையும் அளந்தது.
அதை அளக்க ஆளில்லை.

கனெக்டரில் பச்சை பூத்திருந்தது, சுரண்டினேன்.
டம்மி லோடு ஐம்பது ஓம் இருக்கவேண்டும்,
ஐம்பத்தொன்று, மன்னிக்கலாம்.
ஜெர்மேனியம் டயோடு ஒருபக்கம் விட்டது, மறுபக்கம் மறுத்தது.
அதற்கு அதுதான் வேலை.
கண்டன்சர் ஒன்று கசிந்தது, மாற்றினேன்.
பதினாலு.

பிறகு மீட்டரைத் தனியே கழற்றி
ஒரு டார்ச் செல், ஒரு பெரிய ரெசிஸ்டர், ஒரு வால்யூம் கண்ட்ரோல்.
மெல்லத் திருகினேன்.
ஏழு, பத்து, பன்னிரண்டு என்று வந்த முள்
பதினாலில் நின்றது. இன்னும் திருகினேன். நின்றது.
நகத்தால் கண்ணாடியைச் சுண்டினேன்.
பத்தொன்பதுக்குத் துள்ளியது.

ஓ. நீயா.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தேன்.
காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி,
அதில் மூன்று மணல். கறுப்பு.
மணவாளக்குறிச்சிக் கரையில் அள்ள அள்ளக் கிடைப்பது,
காந்தத்தைக் கண்டால் விடாது.

எப்படி உள்ளே போயிற்று என்று
யாரிடமும் போய்க் கேட்கவேண்டாம்.
போன ஆடியில் இதன் கீறிய கண்ணாடியை
ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு மாற்றியவள் நான்.

ட்வீசர் ஆகாது, எஃகு, காந்தம் அதையும் பிடித்துக்கொள்ளும்.
வாரியலில் ஈர்க்கு ஒன்று உருவி
நுனியில் டேப்பின் பசைப்பக்கம் வெளியே வரச் சுற்றி
மூச்சை அடக்கி, ஒன்று.
இரண்டு.
மூன்றாவது வருவதற்குள்
கோயிலில் மணியடித்து, பூசை முடிந்து, சனம் கலைந்துவிட்டது.

கிளீட்டஸின் செட்டை மாட்டி மைக்கை அழுத்தினேன்.
முள் பதினாலைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய்
இருபத்துநாலரையில் நின்றது.

சந்தோஷம்தான். அரை நிமிடம் இருக்கும்.
பில் புத்தகத்தை எடுத்தேன்.
'பவர் குறைவு', என் கையெழுத்து, ஒன்பது வள்ளம்.
கெட்டுப்போயிற்று என்று நான் கழற்றிய பாகங்கள்
ஊறுகாய் பாட்டிலில் நன்றாகவே கிடந்தன.
மணல் மூன்றையும் டேப்போடு
அருளப்பனின் பில்லில் ஒட்டினேன்:
இரண்டாயிரத்து எண்ணூறு.
போன் போட்டேன்.

"செட்டுக்கு என்னவாம்?"
"செட்டுக்கு ஒண்ணும் இல்ல.
எனக்க மீட்டருக்காக்கும்."

அந்தப் பக்கமும் அதே காற்று
கொஞ்ச நேரம் இரைந்தது.

"அப்ப எனக்க பைசா?"