நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கைக்குழி

ஆக்கர் கடையில் எடை போட்டுத்தான் வாங்கினேன்.
முப்பத்தெட்டு கிலோ, எலி மூத்திர வாடை உட்பட.
மார்த்தாண்டம் மேம்பாலத்துத் தூண்களைக் கடக்கும்போது
ஆட்டோவில் அது என் மடியில் அடங்கவில்லை,
நான்தான் அதன் மேல் சாய்ந்து வந்தேன்.

முன்னால் பார்த்தால் ஆர்மோனியத்தின் பணக்காரத் தம்பி.
பின்னால் ஒரு முழுக் கம்ப்யூட்டர்,
பச்சைத் திரை, பிளாப்பி விழுங்க இரண்டு வாய்.
சுவிட்சைப் போட்டால் ஒரே கேள்வி:
சிஸ்டம் வட்டு எங்கே?
இருந்தது, கொடுத்தேன்.
விழுங்கி, இருமி, 17 என்றது.
அதற்கு மேல் பேச்சில்லை.

கையேடு இரண்டு பாகம்.
எப்படி வாசிப்பது என்கிற முதல் பாகம்
பெட்டியோடு வந்துவிட்டது, அட்டைகூடக் கசங்காமல்.
இது எப்படி யோசிக்கிறது என்கிற இரண்டாவதைக் காணோம்.
செய்த கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன்.
அந்த விலாசத்தில் இப்போது
பல் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள்.

கேசட் காலத்தில் இதை வைத்துக்கொண்டு
தனியொருவனாய் இருபது வயலின் வாசித்த றசலையன்
பஹ்ரைனில் போய்ச் செத்தார்.
அவருடைய ஸ்டுடியோ இருந்த மாடியில் பைனான்ஸ் கம்பெனி.
கீழே, அதே ஏணிப்படிக்கு அடியில்
ரோஸ்லெட் டெய்லர்ஸ்.

"புக்கா? நல்ல கட்டிப் பேப்பராக்கும், கத்திரிக்கு மடங்காது"
என்றபடி ஆணியிலிருந்து ஒரு கொத்தை இறக்கினார் ரோஸ்லெட்பாய்.

இரண்டாம் பாகம் முழுவதும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.
கைகளாக, காலர்களாக, கழுத்துப் பட்டிகளாக,
மைதாப் பசையில் ஒட்டின முதுகுகளாக.
மெமரி வரைபடத்தின் குறுக்கே நீலப் பேனாவில்
சுசீலா டீச்சர், கை பதினொன்று.
வட்டின் தடங்களைப் பிரிக்கும் அட்டவணையில்
கான்வென்ட் யூனிஃபார்ம், ஏழாங்கிளாஸ்.

கேட்டேன். தர மாட்டாராம்.
"இப்பமும் இதை வச்சுத்தான் வெட்டுதேன்.
வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் புதுசு வரைஞ்சு தந்துட்டு
பழசை எடு."

நாலு சனிக்கிழமை.
பழுப்புப் பேப்பரை விரித்து முட்டி போட்டு
பெயர் தெரியாத பெண்களின் தோள்களை வரைந்தேன்.
தையல் விளிம்பு விட மறந்ததற்கு மூன்று முறை திட்டு.
அஞ்சாவது வாரம் வீட்டுத் தரையில் பரப்பினால்
'எக்காரணம் கொண்டும்' என்பது இடது கையில்,
'அழிக்காதீர்' என்பது வலது கையில்,
எதை அழிக்கக் கூடாது என்பது மட்டும்
எவருடைய ஜாக்கெட்டிலும் இல்லை.

பிழை எண்களின் பட்டியல் நாற்பத்தேழாம் பக்கம்.
பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வரை
வழித்தெடுத்தது போல் கைக்குழி.
கத்திரிக்குத் தப்பின ஓரத்தில் பென்சில் எழுத்து, றசலையனுடையது:
'17 வந்தா பதறாண்டாம். கரண்டை அணைச்சிட்டு
பஸ்ஸ்டாண்டில் ஒரு சாயா குடிச்சிட்டு வா.'

இதுவும் ஆவணம்தானே.
போனேன். குடித்தேன். திரும்ப இருபத்திரண்டு நிமிடம்.
சூடு ஆறின வாய் வட்டை ஏற்றுக்கொண்டது.

பச்சையாய் வரிசை ஓடிற்று.
ஒரு பெயருக்கு எட்டெழுத்துதான் இடம்.
வயலின்1, வயலின்2, மணி, மழைத்தகரம்,
அதற்கடுத்து, ரோஸ்லெட்.

கட்டையை அழுத்தினேன்.
ஒன்றேகால் விநாடி, கடகடவென்று ஒரு தையல் மெஷின்.
மேல்கட்டையில் சிறுமிக்குத் தைத்தது,
கீழ்க்கட்டையில் மரம் அறுத்தது.

லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போய்
கடையில் போட்டுக் காட்டினேன்.
காஜா கட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.
"என் சத்தம் பாட்டுல விழுகுண்ணு தினம் இறங்கி வந்து
சண்டை போடுவாரு அந்த மனுசன்" என்றார்.
இன்னொரு தரம் போடச் சொன்னார்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"பாபின் கேசு லூசாக்கும். அண்ணைக்கே செல்லியாச்சு,
மெக்கானிக்கு நம்பல்ல."

மீட்ட கையேட்டைத் தட்டச்சு செய்கிறேன்.
இல்லாததை இருப்பதாய் எழுத மனமில்லை.
பிழை 17-க்கு நேரே: சாயா, இருபத்திரண்டு நிமிடம்.
மற்ற ஏழுக்கும் சேர்த்து
இப்படி ஒரு அடைப்பு:
இங்கே கைக்குழி. சுற்றளவு பதினைந்தரை அங்குலம்.